அச்சில் வராத மாடு



மணிமுத்தாறும் கோமுகியும் கூடுகிற நல்லூரிலிருந்து வானொலியில் பேச வந்திருக்கிறேன். பக்கத்து விருத்தாசலத்தின் பேரைச் சொன்னாலே பலருக்கும் செராமிக் பொம்மையும் அகல்விளக்கும் நினைவுக்கு வரும். உங்கள் வீட்டு மின்பெட்டியில் இருக்கிற வெள்ளை பியூஸ் கேரியர்கூட எங்கள் பக்கத்துச் சூளையில் வெந்ததாக இருக்கலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணைத் தோண்டி அகற்றும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. அதை நம்பித்தான் இந்தத் தொழில் இங்கே வேரூன்றியது.

பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. எங்கள் பட்டறைகளில் எல்லாம் அச்சுதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் கூழாகக் கரைத்த மண்ணை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், உள்சுவரில் மண் படிந்து இறுகும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் பொம்மை தயார். நூறு செய்தாலும் நூறுக்கும் ஒரே முகம். வியாபாரத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மண் வேலை காட்டப் பள்ளிக்கூடம் போகும்போது, நான் ஒரு அச்சைக்கூட எடுத்துப் போக மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

மண்ணுக்காகப் பட்டறைக்கு அலைய வேண்டாம். ஏரிக் களிமண் போதும். காயவைத்து, தட்டி, தண்ணீரில் ஊறவிட்டு, சல்லடையில் வடித்து, கொஞ்சம் பொடிமணல் சேர்த்துப் பிசையுங்கள். விரலில் ஒட்டாமல் உருட்ட வந்தால் பதம் சரி. பிசைகிற வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். பாதி மகிழ்ச்சி அதில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டால் எங்கள் ஒன்றியத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வது மாடு. வீட்டில் பார்க்கிற மாடுதானே! ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி உருண்டையாக வயிறு செய்தாள். ஈர்க்குச்சி தடிமனுக்கு நாலு கால் உருட்டி ஒட்டினாள். நிறுத்தினாள். மாடு படுத்துவிட்டது. "மிஸ், எம்மாட்டுக்குக் காலு நிக்கல" என்று என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஆசிரியை திருத்திக் கொடுக்கக் கை நீட்டினார். கொஞ்சம் பொறுங்கள் டீச்சர் என்றேன். குழந்தை மாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கால்களைப் பிய்த்துத் தடியாக உருட்டினாள், அப்போதும் சாய்ந்தது. கடைசியில் வயிற்றிலேயே பாதி மண்ணைக் கிள்ளி எடுத்துவிட்டு, மிச்ச உருண்டையிலிருந்தே கால்களை இழுத்துவிட்டாள். மாடு நின்றது. "இது கன்னுக்குட்டி மிஸ், அதான் வயிறு சின்னது" என்றாள்.

நேயர்களே, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவள் எத்தனை படித்துவிட்டாள் பாருங்கள். பாரம் எங்கே இருக்கிறது, கால் எவ்வளவு தாங்கும், ஒட்டினது எங்கே விடும், இழுத்தது ஏன் விடாது. ஆசிரியை ஒரு கை வைத்திருந்தால் அழகான மாடு கிடைத்திருக்கும், இந்தப் படிப்பு கிடைத்திருக்காது.

நம் ஊர் எல்லைகளில் ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரைகளை அடுத்த முறை நின்று பாருங்கள். ஆளுயரக் குதிரையின் கால்கள் தடித்த உருளைகளாக, உள்ளே வெற்றிடமாக இருக்கும். அத்தனை பாரத்தைச் சின்னக் காலில் நிறுத்த முடியாது என்று குயவர்களான வேளார்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் கண்டுகொண்டது அது. ஏழு வயதுக் குழந்தை அதே கேள்வியைத் தன் உள்ளங்கையில் வைத்துக் கேட்கிறாள். பெரியவர்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. முடிந்தால் பிள்ளைகளை அந்தக் குதிரைகளுக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் விட்டால் போதும்.

இப்படிச் சொல்வதில் நான் முதல் ஆள் இல்லை. சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் என்ற ஓவியர், 1944-இல் காந்தியடிகளின் சேவாகிராமத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கலை கற்றுக்கொடுத்தார். அவர் குயவரும்கூட. கல்விக்கு அடிப்படையே கலைதான் என்று தன் அனுபவத்திலிருந்து ஒரு நூலே எழுதினார். மண்ணில் கை வைத்த ஒருவர் அப்படி எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

பாடத்தை விட்டு மண்ணில் விளையாடலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் சின்ன வகுப்புகளில் செயல்பாடு வழியாகத்தானே கற்றுக்கொடுக்கிறது! மண்ணைக் கயிறாக உருட்டி 'அ' எழுதச் சொல்லுங்கள், பிறகு 'ழ'. சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விரலே மனப்பாடம் செய்துகொள்ளும். பென்சில் பிடிக்கிற வலுவும் தானாக வரும்.

கணக்குக்கும் ஒன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணைப் பட்டையாகத் தட்டி, அதில் அளவுகோலால் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறச் சொல்லுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்தபின் அதே கோட்டை அளக்கட்டும். குறைந்திருக்கும்! தண்ணீர் போன இடத்தை மண் துகள்கள் நெருங்கி நிரப்பிக்கொள்கின்றன. விருத்தாசலத்தில் செராமிக் பட்டயம் படிக்கிற மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்கிற சோதனை இதேதான். சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும்.

நேரம் நெருங்கிவிட்டது, மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுகிற இடம் இரண்டையும் ஈர்க்குச்சியால் கீறி, மண்கூழ் தடவி அழுத்தினால் விடாது. மண் கட்டைவிரல் தடிமனுக்கு மேல் வேண்டாம். வெயிலில் வைக்காதீர்கள், விரிசல் விடும். சூளை இல்லையே என்று கவலை வேண்டாம், காய்ந்த பொம்மையே போதும். வண்ணத்துக்குக் காவியும் கரியும் கருவேலம் பிசினும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், மண்தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இறுகும்போது கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வருகிறது. கடைப் பிள்ளையார் அச்சில் அழகாகவே இருப்பார். இந்த வருஷம் அவர் பக்கத்தில் உங்கள் பிள்ளை கையால் செய்த பிள்ளையாரும் உட்காரட்டும். தும்பிக்கை கோணலாக இருந்தால் திருத்தாதீர்கள். கண்ணுக்குக் குன்றிமணி மட்டும் வேண்டாம், அதை மென்றால் கொடிய விஷம். இரண்டு கறுப்பு உளுந்து வையுங்கள். கொழுக்கட்டை படைக்கும்போது எது யார் செய்தது என்று வந்தவர்களிடம் குழந்தையையே சொல்லவிடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிகளிலும் மண் பிசைகிற நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.