ஒரே தேதி, ரெண்டு பேர்

இன்னைக்கு ஜூன் 24. நம்ம ஷோவுக்காக கலைஞர்களோட பிறந்தநாளை எல்லாம் ஒரு ஷீட்ல ஏத்திட்டிருந்தேன். இந்தத் தேதி ரெண்டு தடவை வந்துச்சு. டூப்ளிகேட்னு நினைச்சு ஒண்ணை அழிக்கப் போயிட்டேன். நல்லவேளை, பேரைப் படிச்சேன்.

ஒருத்தர் கண்ணதாசன். 1927, காரைக்குடி பக்கம் சிறுகூடல்பட்டி. இன்னொருத்தர் எம்.எஸ்.விஸ்வநாதன். 1928, பாலக்காடு பக்கம் எலப்புள்ளி. சரியா ஒரு வருஷம் வித்தியாசம். 1961-ல மட்டும் பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும். பாட்டு கண்ணதாசன், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. அந்த மூணு படப் பாட்டும் இன்னைக்கும் நம்ம டீக்கடையில ஓடுது.

1981 அக்டோபர் 17, சிகாகோவுல கவிஞர் காலமானார். எம்.எஸ்.வி. 2015 ஜூலை 14 வரைக்கும் இருந்தார். இன்ஜினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். நண்பர் இல்லாம 34 ஜூன் 24. எல்லாரும் வாழ்த்துச் சொல்ற நாள்ல, கூடவே பிறந்தநாள் கொண்டாட வேண்டியவர் மட்டும் இல்லை.

எரியோட்டுல எனக்கும் ஒருத்தன் இருக்கான். திண்டுக்கல் பஸ்ல டிரைவர் அண்ணன் போடுற இந்தப் பாட்டையெல்லாம் ஒண்ணா கேட்டு வளர்ந்தோம். கொஞ்சூண்டு பணத் தகராறு. பேசி மூணு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாழ்த்து டைப் பண்ணுவேன், அனுப்பாம அழிச்சிடுவேன்.

அவங்க ரெண்டு பேரைப் பிரிச்சது சாவு. எங்களைப் பிரிச்சது வெறும் வீம்பு. அவன் பிறந்தநாளுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுவரைக்கும் காத்திருக்கப் போறதில்லை. மைக்கை அணைச்சதும் கூப்பிடுறேன்.

எடுத்தானா இல்லையான்னு அடுத்த வாரம் சொல்றேன்.