தானே விழித்தெழும் கணினி



பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில் உள்ளது எமது இல்லம். வேனிற்காலத்தில் அங்கு மின்சாரம் நின்று நின்று வரும். அவ்வாறு நின்று வந்த போதெல்லாம் எம் வீட்டுக் கணினி தமிழை மறந்துவிடும். விசையைத் தட்டினால் ஆங்கில எழுத்துக்களே திரையில் விழும். ஊரிலுள்ள தம்பிக்கு மடல் எழுதத் தொடங்கிய எம் தந்தையார், தமிழ் விசைப்பலகையை அமைத்துத் தருமாறு ஒவ்வொரு நாளும் பிறரைக் கேட்டு நிற்க மனமின்றி, எழுதுவதையே விட்டுவிட்டார். இக்குறையை நீக்க முற்பட்டபோது நாம் அறிந்துகொண்டதை இன்று கூற விழைகின்றோம்.

யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1991-இல் எழுந்தது லினக்ஸ். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' என்பதும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே.

இவ்வகைக் கணினிக்கு மின்சாரம் வந்ததும், 'கெர்னல்' என்னும் உட்கரு எழுந்து, 'இனிட்' என்னும் நிரலைத் தொடங்கி வைக்கும். அதற்குரிய எண் 1. பிற பணிகளை எழுப்புவது அதன் கடமை. முன்னாளில் அவற்றின் பெயர்களில் எண்கள் இடப்பெற்று, அவ்வரிசைப்படியே ஒவ்வொன்றாகத் தொடங்கின. 2010-இல் வந்த 'சிஸ்டம்டி' என்னும் முறையோ, எது எதனைச் சார்ந்தது என்று நோக்கி, ஒன்றையொன்று சாராதவற்றை ஒருங்கே தொடங்குகிறது.

நாம் செய்த பிழையையும் சொல்லிவிடுகின்றோம். தமிழ் எழுத உதவும் 'ஐபஸ்' நிரலைக் கணினி முழுமைக்கும் பொதுவான தொடக்கப் பட்டியலில் சேர்த்தோம். பயன் விளையவில்லை. அப்பட்டியல் நிறைவேறும் வேளையில் எவரும் தம் பெயரைத் தந்து கணினிக்குள் நுழைந்திருக்கவில்லை. அவையினர் வருமுன்னரே மொழிபெயர்ப்பாளன் வந்து நின்ற கதையாயிற்று.

இதிலிருந்து ஒரு நெறி புலனாயிற்று. அச்சுப்பொறி, வலையிணைப்பு போன்ற பொதுப் பணிகள் பொதுப் பட்டியலுக்கு உரியவை. ஒருவருடைய மொழியும் எழுதும் முறையும் அவரவர் இல்ல அடைவுக்கு உரியவை. அந்த அடைவில், புள்ளியுடன் தொடங்கும் பெயர் கொண்ட 'கான்ஃபிக்' என்னும் உறை உண்டு. முதலெழுத்து புள்ளியாதலின் அது வழக்கமான பட்டியலில் கண்ணுக்குப் படாது. அதனுள் 'ஆட்டோஸ்டார்ட்' என்னும் உறையில், தொடங்க வேண்டிய நிரலின் பெயரைக் குறித்த சிறு கோப்பு ஒன்றை வைத்தால் போதும். அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் அந்நிரல் தானே எழும். அக்கோப்பில் பிழை நேரினும் பிறருக்கு இடரில்லை. பொதுப் பட்டியலைத் திருத்துவதாயின், முன்னதாக ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுதல் நலம். அங்கு நேரும் பிழை கணினியையே எழவொட்டாமல் தடுத்துவிடக் கூடும்.

இன்று எம் மகள் தன் பெயரில் நுழைந்தால் பள்ளிப் பாடத்துக்குக் கன்னடம் காத்திருக்கிறது. தந்தையார் நுழைந்தால் தமிழ் காத்திருக்கிறது. தெருவின் ஒழுங்கை மாற்றாமலே நம் வாசலில் கோலமிட்டுக்கொள்ளலாம் அன்றோ? வெளி மாநிலத்தில் வாழும் நேயர்கள், தத்தம் வீட்டு முதியோருக்கும் இவ்வசதியை ஒருமுறை அமைத்துக் கொடுங்கள். பாதியில் நின்றிருந்த எம் தந்தையாரின் மடல் சென்ற வாரம் ஊர் போய்ச் சேர்ந்தது.