வயதான வேட்டை நாயை வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நாய் வளர்ப்பவர்களும், நாயைப் பார்த்தால் லிப்ட்டை விட்டுப் படியில் ஏறுகிறவர்களும் இங்கே சேர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவாகவே பேசுகிறேன்.

போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. காப்பகத்திலிருந்து வயதான நாயை, அதுவும் வேட்டை நாயை, அபார்ட்மெண்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று. எங்கள் வீட்டில் எட்டு வயதில் வந்த சிப்பிப்பாறை ஒன்று இருப்பதால், பதில் சொல்லும் வேலையைச் செயலாளர் என்னிடம் கொடுத்துவிட்டார்.

முதலில் இந்த நாய்களைப் பற்றி. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் நம் தென்மாவட்டத்து இனங்கள். ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி, முயலைத் துரத்திப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேட்டை குற்றம். வேலை போய்விட்டது, நாய் இருக்கிறது. இப்போது நகரத்தில் ஆசைக்குக் குட்டியாக வாங்குகிறார்கள். வளர்ந்ததும், வீடு மாறினதும், விட்டுவிடுகிறார்கள். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. காப்பகத்துக்கு வருகிறவர்கள் குட்டியைத்தான் கேட்கிறார்கள். ஏழெட்டு வயது நாய் பின்வரிசையிலேயே நின்றுவிடுகிறது.

"வேட்டை நாய் ஓடுமே, ப்ளாட்டில் எப்படி?" என்று கேட்கிறீர்கள். இவை வேகமாகக் கொஞ்ச தூரம் ஓடும் இனம். நாள் முழுக்க ஓடுபவை அல்ல. அதிலும் வயதானது காலையும் மாலையும் நடந்துவிட்டு வந்தால் மீதி நேரம் தூங்கும். எங்கள் வீட்டில் என்னைவிட அதிகமாகத் தூங்குவது அதுதான்.

இப்போது என் தொழில் பழக்கத்தில் ஒரு கணக்கு. வங்கியில் கடன் மனு வந்தால், தவணை முடியும்போது மனுதாரருக்கு என்ன வயதாகும் என்று பார்ப்போம். அறுபத்தைந்து வயதில் குட்டி வாங்கினால், அது பன்னிரண்டு, பதினான்கு வருடம் இருக்கும். அப்போது நமக்கு எண்பதை நெருங்கிவிடும். இழுத்துக்கொண்டு ஓடும் நாயை யார் பிடிப்பது? எட்டு வயது நாய் என்றால் இன்னும் நாலைந்து வருடம். நம் காலும் அதன் காலும் ஒரே வேகத்தில் நடக்கும். குணம் என்ன, குழந்தைகளோடு எப்படி, உயரம் எவ்வளவு எல்லாம் முன்பே தெரியும். குட்டியிடம் இது எதுவும் தெரியாது.

பற்று வரவு என்றால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். செலவுப் பக்கம் இது. வயதான நாய்க்குப் பல், மூட்டு, சிறுநீரகம் என்று ஏதாவது வரும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் உண்டு. எடுக்கும் முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒல்லியான வேட்டை இனங்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும் என்பதால் மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள். மூட்டு வலிக்கு நம் வீட்டு மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ராஜபாளையம் எடுப்பவர்கள் காது கேட்கிறதா என்றும் பாருங்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு.

விலா எலும்பு தெரிகிறதே, பட்டினி போடுகிறார்களோ என்று சிலர் என் மனைவியிடம் கேட்டார்கள். இந்த இனத்தின் உடம்பே அப்படித்தான். சதை குறைவு என்பதால் வெறும் டைல்ஸில் படுத்தால் முழங்கை புண்ணாகும். தடிமனான விரிப்பு வேண்டும். தலை குறுகல் என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்றுவிடும். மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ்தான் சரி. பூனையைக் கண்டால் பழைய புத்தி வரும். நம் வளாகத்தில் பூனைகள் இருப்பதால் கயிற்றை எங்கேயும் அவிழ்க்கக் கூடாது.

வந்த முதல் மூன்று நாள் சாப்பிடாமல் மூலையில் கிடக்கலாம். மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம் பிடிபடும். நம் வீடு என்று நம்ப மூன்று மாதமாகும். அதுவரை உறவினர் கூட்டத்தைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள்.

அடுத்து, நாய் வேண்டாம் என்பவர்களுக்கு. விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரும்பான்மைத் தீர்மானம் போட்டுக்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிப்ட்டையும் மறுக்க முடியாது. ஆனால் பயம் உங்களுடையது, அதை மதிப்பது எங்கள் கடமை. லிப்ட்டில் யாராவது இருந்தால் நாங்கள் அடுத்த லிப்ட்டுக்கு நிற்போம். அசிங்கம் செய்தால் நாங்களே அள்ளுவோம். மாநகராட்சி உரிமமும், வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் சங்க அலுவலகத்தில் கொடுப்போம். நாய் வைத்திருக்கும் எல்லா வீட்டாரையும் இந்த நான்கையும் கடைப்பிடிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

எடுக்க நினைப்பவர்களிடம் இரண்டு கேள்வி. உங்களுக்கு ஆஸ்பத்திரி வாசம் வந்தால் நாயை யார் பார்ப்பார்கள்? பெயரோடு பதில் வேண்டும். இரண்டாவது, நாலைந்து வருடத்தில் அது போய்விடும். அந்தத் துக்கம் சீக்கிரம் வரும் என்று தெரிந்தேதான் எடுக்க வேண்டும். காப்பகத்துச் சிமெண்ட் தரையில் கழிய வேண்டிய கடைசி வருடங்கள் உங்கள் வீட்டு விரிப்பில் கழியும். பதிலுக்கு நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான், அது போதும் என்று நினைப்பவர்கள் எடுக்கலாம்.

ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். வீட்டார் எல்லோருடனும் இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருகிறேன்.