மண்ணை விலைக்கு வாங்க வேண்டாம், நாமே வளர்ப்போம்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



வீட்டில் தொட்டிச் செடி வளர்க்க, குறைந்த செலவில் இயற்கை மண் தயாரிப்பது எப்படி என்று இன்று பேச வந்திருக்கிறோம். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கணக்கை ஒப்படைக்க வேண்டும். அமானிதப் பணம் என்றால் வரவு செலவை வாசித்தால் மட்டும் போதாது. அந்தப் பணத்தால் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு, கணவரை இழந்த தாய்மார்களும் வருமானம் குறைந்தவர்களும் உள்ள 40 வீடுகளுக்கு, வீட்டுக்கு 5 வீதம் 200 செடிப் பைகள் கொடுத்தோம். மண் கலவை நிரப்பிய பை, கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகள், கீரை விதை எல்லாம் கொடுத்தோம். படம் எடுத்து இதே இதழில் வெளியிட்டோம். மூன்று மாதம் கழித்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது 9 வீடுகளில்தான் பச்சை தெரிந்தது.

ஒரு வீட்டில் பைகளையே காணோம். கேட்டதற்கு அந்தச் சகோதரி மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்ததைக் காட்டினார். "என் கைராசி அப்படி, காக்கா. நான் வச்சது எதுவும் துளிர்க்காது" என்றார். வீட்டுக்காரர் மவுத்தான பிறகு அக்கம்பக்கத்தில் பேசப்பட்ட பேச்சு அது. பிறர் சொல்லிச் சொல்லி அவரும் நம்பியிருந்தார். நாங்கள் கொடுத்த பை அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்வது போல் ஆகிவிட்டது.

அந்தப் பையை அங்கேயே அவிழ்த்துப் பார்த்தோம். முக்கால் பங்குக்கு மேல் தென்னை நார்த்தூள்தான் இருந்தது. ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டதும் தேயிலைச் சாயம் போல் நிறம் இறங்கியது. பையின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கழுவாத நார்த்தூள் அது. நம் ஊர்த் தண்ணீரும் சற்று உப்பு. இரண்டு உப்பும் சேர்ந்து வேரைக் கருக்கிவிட்டன. "உங்கள் கையில் குறையில்லை, எங்கள் பையில்தான் குறை" என்று அவரிடம் சொன்னோம். அதையே இன்று உங்கள் முன்னாலும் சொல்கிறோம். விற்றவரைக் குறை சொல்வதை விட, பார்க்காமல் வாங்கிய எங்கள் பொறுப்பைச் சொல்வதே முறை.

அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதுதான் இன்றைய பேச்சு.

செடியைத் தாங்கி நிற்பது மட்டும் மண்ணின் வேலை அல்ல. நல்ல மண் உயிருள்ளது. ஒரு மேசைக்கரண்டி வளமான மண்ணில் உள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை, உலகத்தில் உள்ள மனிதர்களின் எண்ணிக்கையை விட அதிகம். இலைதழை, தோல், எரு ஆகியவற்றை அவைதான் உடைத்து, வேர் உறிஞ்சும் உணவாக மாற்றிக் கொடுக்கின்றன. நார்த்தூள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஆனால் சோறு போடாது. மக்காத நார்த்தூளாக இருந்தால், தான் மக்குவதற்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இலை மஞ்சளாகும். நாம் "தண்ணீர் போதவில்லை" என்று இன்னும் ஊற்றுவோம்.

இது புதிய விஷயம் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் இஷ்பீலியா நகரத்தில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், 'கிதாபுல் ஃபிலாஹா' என்ற தம் வேளாண் நூலில் முதலில் மண்ணைப் பற்றியும், அடுத்து எருவைப் பற்றியும் பேசுகிறார். மரமும் பயிரும் அதற்குப் பிறகுதான். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய அறிஞர், நம் நாட்டு உழவர்களிடம் கற்றதையும் சேர்த்து, இலைதழையையும் சாணத்தையும் அடுக்கி மக்க வைக்கும் முறையை வகுத்தார். அதற்கு 'இந்தூர் முறை' என்றே பெயர். நாங்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, செடி நன்றாக இருந்த 9 வீடுகளுக்குத் திரும்பப் போனோம். அதில் ஒரு வீட்டில் எழுபது வயது மாமி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க தந்த பையை நான் அப்படியே வைக்கலையே, தம்பி. கொல்லைக் குப்பைக்குழி மண்ணைப் பாதி கலந்துல்ல வச்சேன்." படித்த நாங்கள் நூலில் தேடியது அந்த மாமியின் கொல்லையில் இருந்தது.

இனி செய்முறைக்கு வருவோம்.

முதலில் உரம். பழைய பெயிண்ட் வாளி அல்லது டிரம் ஒன்றை எடுத்து, அடியிலும் பக்கங்களிலும் துளை போட்டு, இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த சருகு. அதன் மேல் அன்றாடம் விழும் காய்கறித் தோல், கீரைக் காம்பு, பழத்தோல், வெங்காயச் சருகு, அலசிய டீத்தூள், நொறுக்கிய முட்டை ஓடு ஆகியவற்றைப் போடலாம். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு என்பதை மறக்காதீர்கள். எங்களுக்கு முதலில் நாற்றம் அடித்ததெல்லாம் சருகு குறைந்ததால்தான். பழைய தோட்ட மண் ஒரு பிடி அல்லது புளித்த மோர் ஒரு கரண்டி சேர்த்தால் மக்குவது விரைவாகத் தொடங்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. வாளி நிறைந்த பின் அடுத்த வாளியைத் தொடங்கி, இதை ஆறவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும்.

போடக் கூடாதவையும் உண்டு. உப்பு, எண்ணெய், மசாலா சேர்ந்த சாப்பாட்டு மீதி, பிரியாணிச் சோறு, எலும்பு, இறைச்சி எதுவும் வேண்டாம். அவை எலியைக் கூப்பிடும். குர்பானி ஆட்டின் குடல், இரத்தம் ஆகியவற்றையும் இதில் போடக் கூடாது. அவற்றை ஆழக் குழி தோண்டித்தான் புதைக்க வேண்டும். ஆனால் ஆடு வளர்க்கும் வீடுகளில் ஆட்டுப் புழுக்கை பெரிய செல்வம். அதை உடைத்து, நனைத்து, சருகோடு சேர்த்து இரண்டு மூன்று மாதம் மக்க வையுங்கள். பச்சையாகப் போட்டால் சூட்டில் வேர் கருகும்.

உரம் தயாரா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. சிரட்டையில் கொஞ்சம் உரமும் மண்ணும் கலந்து பத்து வெந்தயம் போடுங்கள். நான்கைந்து நாளில் எட்டாவது முளைத்து, இலை பச்சையாக நின்றால் அந்த உரம் செடிக்கு ஆகும். நாங்கள் 200 பை வாங்கும் முன் ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்திருந்தால், இன்று இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

அடுத்தது கலவை. 20 லிட்டர் வாளியையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கழுவிய நார்த்தூள் ஒரு பங்கு. நார்த்தூளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீரின் நிறம் வெளுக்கும் வரை மூன்று முறையாவது கழுவுங்கள். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்குக் குறையாமல் வரும். வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் வேரைத் தாக்கும் பூச்சிகள் குறையும். வேளாண் விரிவாக்க மையத்தில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா கிடைத்தால் சேர்க்கலாம். கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம், நன்றாக மக்கிய உரத்தில் நுண்ணுயிருக்குப் பஞ்சமில்லை. கலந்த உடனே நட வேண்டாம். லேசாக நனைத்து, நிழலில் பதினைந்து நாள் வையுங்கள்.

கணக்காகச் சொன்னால், 10 வாளிக்கு வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டியது நார்த்தூள் கட்டி ஒன்றும் வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோவும்தான். செம்மண்ணுக்கு வண்டிக்கூலி வரும், நாலைந்து வீடு சேர்ந்தால் அதுவும் சிறிய தொகை. மற்றவை நாம் தெருவில் கொட்டிக்கொண்டிருப்பவை. கரும்புச் சாறு கடைச் சக்கையும் டீக்கடைத் தூளும் கேட்டால் சும்மா தருவார்கள்.

ஊட்டக் கரைசலுக்கும் வழி இருக்கிறது. கோமியம் சேரும் கரைசல்களுக்குத் தயங்கும் வீடுகள் மீன் அமிலம் செய்யலாம். மீன் கழிவு ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ. மேலே சற்று இடம் விட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி, நிழலில் 21 நாள். இடையிடையே மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். அதிகம் ஊற்றினால் அதிகம் காய்க்கும் என்று நினைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. ஒரு அறுவடை முடிந்ததும் மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுப் பை வாங்குகிறோமே, அங்கேதான் ஏழை வீட்டுக் காசு கரைகிறது. உயிருள்ள மண் பழசாகப் பழசாகத் தேறும். செடியைப் பிடுங்காமல் அடியோடு வெட்டி, வேரை உள்ளேயே விடுங்கள், அது மக்கி உரமாகும். மேலே கால் பங்கு புது உரம் சேர்த்து, சருகால் மூடி, இரண்டு வாரம் ஈரமாக வைத்து அடுத்த பயிரைப் போடுங்கள். கத்தரி இருந்த வாளியில் அடுத்து கத்தரியோ தக்காளியோ மிளகாயோ வேண்டாம். கீரை, அவரை, கொத்தவரை என்று மாற்றுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் மட்டும் அந்த வேரை அப்புறப்படுத்தி, அந்த மண்ணைத் தனியாக வையுங்கள். சருகு மூடாக்கு எப்போதும் இருக்கட்டும். வெயிலில் வெறுமனே காயும் மண்ணில் உயிர் தங்காது.

மாடியில் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நனைந்த 20 லிட்டர் வாளி 20 கிலோவுக்குக் குறையாது. பழைய வீடு என்றால் நடுத்தளத்தில் குவிக்காமல், சுவர் ஓரமாகச் செங்கல் மேல் வரிசையாக வையுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசு வரும்.

கடந்த ஜனவரியில், விரும்பி முன்வந்த 12 வீடுகளில் இந்த முறையைத் தொடங்கினோம். இந்த முறை பை கொடுக்கவில்லை. துளை போட்ட வாளிகளும் வேப்பம் பிண்ணாக்கும் கொடுத்தோம், மாமியைக் கூட்டிக்கொண்டு போய்க் கற்றுக்கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், இன்று 10 வீடுகளில் தொடர்கிறது. மிகைப்படுத்திச் சொல்ல மாட்டோம். பத்து வாளியால் ஒரு குடும்பத்தின் காய்கறிச் செலவு நின்றுவிடாது. வாரம் இரண்டு நாள் கீரை, கறிக்கு வேண்டிய புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், அவ்வப்போது கொஞ்சம் கத்தரிக்காய். அவ்வளவுதான். ஆனால் அந்த அளவு யாரிடமும் கையேந்தாமல் வருகிறது.

பைகளை மூடி வைத்திருந்த அந்தச் சகோதரி இந்த 10 வீடுகளில் ஒருவர். போன மாதம் அலுவலகத்துக்கு ஆளனுப்பினார். போனால், வாசலில் இரண்டு வாளி நிறைய கறுத்த மண். "இது எனக்குப் போக மிச்சம், காக்கா. அடுத்து யாருக்குக் கொடுக்கிறீங்களோ அவங்களுக்குக் கொடுங்க. என் பேரில் கணக்கில் எழுதிக்கோங்க" என்றார். நன்கொடைப் பதிவேட்டில் 'மண், 2 வாளி' என்று எழுதினோம். இத்தனை ஆண்டுகளில் பெறுபவர் பட்டியலில் இருந்து ஒரு பெயர் கொடுப்பவர் பட்டியலுக்கு மாறியதைப் பார்க்கும் பாக்கியம் எங்களுக்கு அடிக்கடி கிடைத்ததில்லை.

இன்ஷா அல்லாஹ், வரும் மழைக்காலத்துக்கு முன் மீதமுள்ள 28 வீடுகளையும் சேர்க்க நினைக்கிறோம். அதற்கு உங்களிடம் பணம் கேட்கவில்லை. உங்கள் வாசலில் விழும் சருகை எரிக்காமல் சாக்கில் கட்டி வையுங்கள், நம் பிள்ளைகள் வந்து எடுத்துக்கொள்வார்கள். காலியான பெயிண்ட் வாளி இருந்தால் கொடுங்கள். கல்யாண வீட்டில் காய் நறுக்கும் நாளில் தோலைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் முன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். மாடித்தோட்டம் பழகிய தாய்மார்கள் மாதம் ஒரு மணி நேரம் தந்து ஒரு புதிய வீட்டுக்குக் கற்றுக்கொடுங்கள்.