மூன்று சக்கரமும் இருவர் ஆசனமும்



மூன்று சக்கர மோட்டார் வாகனம் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பது ஆட்டோ ரிக்‌ஷாதான். தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்த நம்மவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட பெரிய மோட்டார் சைக்கிள்களின் பின்புறத்தில் ஆசனங்களைப் பொருத்தி, கன்னாட் பிளேஸுக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் சென்றார்களே, அந்த ‘பட்பட்டி’! 1990களின் இறுதியில் அது தில்லி வீதிகளிலிருந்து மறைந்தது. அவை இரண்டும் பிழைப்புக்கான வண்டிகள். நான் இன்று பேசப் போவது ஆசைக்கென்று வாங்கும் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களைப் பற்றி.

எனக்கும் இந்த வண்டிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயமே. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளை மொழிபெயர்ப்பவன், கலைப் பட்டதாரி, எஞ்சின் சாஸ்திரம் படித்தவன் அல்லன். ஆனால் என் தமக்கையார் கணவரோடு கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் வசிக்கிறார். அத்தானுக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. இளமை முதல் மோட்டார் சைக்கிளே அவருக்கு உயிர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக வண்டியை நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றினார். தேய்ந்துபோன முழங்கால் மடங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே வண்டி சாய்ந்தது. பின்னால் அமர்ந்திருந்த அக்காவின் கணுக்கால் அதனடியில் அகப்பட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது; அக்காவின் அச்சம் தீரவில்லை. அதற்குப் பின் அவர் வண்டியில் ஏறவில்லை. அத்தானும் தனியே செல்ல மனமில்லாமல் வண்டியை விற்றுவிட்டார்.

சென்ற ஆண்டு விடுப்பில் நான் அங்கே சென்றிருந்தபோது, “தம்பி, மூன்று சக்கர வண்டி வாங்கலாம் என்றிருக்கிறேன். நீயும் கூட வந்து பார். உன் அக்காவிடம் நான் சொன்னால் எடுபடாது” என்றார். அவ்வாறு நான் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இவ்வண்டிகளில் முதலில் கவனிக்க வேண்டியது, இரண்டு சக்கரங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது. முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக அமைவது ஒரு வகை. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1932 முதல் 1973 வரை செய்த செர்வி-கார் இவ்வகை. 2009ஆம் ஆண்டு மாதிரியாக அது வெளியிட்ட ட்ரை கிளைடும் இவ்வகையே. முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக அமைவது மற்றொரு வகை. வளைவில் திரும்பும்போது திடீரென்று பிரேக்கை அழுத்தினால் வண்டியின் பாரம் முன்னே பாய்கிறது. முன்னால் ஒரே சக்கரம் இருந்தால் அந்தப் பாரத்துக்கு அகன்ற தாங்கல் இல்லை. வண்டி பக்கவாட்டில் கவிழ இடமுண்டு. முன்னால் இரண்டு சக்கரங்கள் இருந்தால், பாரம் பாய்கிற இடத்திலேயே தாங்கலும் இருக்கிறது. விரைந்து செல்ல விரும்புகிறவர் இந்த ஒரு செய்தியை மறக்கலாகாது.

இரண்டாவது கேள்வி, வண்டி வளைவில் சாயுமா, சாயாதா என்பது. 2006ல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் கொணர்ந்த எம்.பி.3 ஸ்கூட்டரும், 2018ல் விற்பனைக்கு வந்த யமஹா நைக்கனும், முன்னால் இரண்டு சக்கரங்கள் கொண்டவையாயினும், இருசக்கர வண்டியைப் போலவே வளைவில் சாய்பவை. நைக்கனை ஓட்டிப் பார்த்த அத்தான் சிறு பிள்ளையைப் போல் மகிழ்ந்தார். ஈரச் சாலையிலும் முன்பக்கம் நழுவாமல் பற்றிக்கொள்கிறது என்றார். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. சாயும் வண்டி நிற்கும்போதும் சாயும். சுமார் 263 கிலோ எடையுள்ள அந்த வண்டியை நிறுத்தும்போது, ஓட்டுகிறவர் தம் காலை ஊன்றியே தாங்க வேண்டும். எம்.பி.3ல் நிற்கும்போது சாயாமல் பூட்டும் வசதி இருக்கிறது. நைக்கனில் அது இல்லை. முழங்கால் தேய்ந்தவருக்கு மூன்றாவது சக்கரத்தால் என்ன பயன்? அத்தான் பெருமூச்சோடு அதை விட்டுவிட்டார்.

எஞ்சியிருந்தது சாயாத வகை. இதில் பெயர் பெற்றது கனடாவிலேயே பிறந்த கான்-ஆம் ஸ்பைடர். கியூபெக் மாநிலத்தில் வால்கோர் என்னும் சிற்றூர் உண்டு. பனியில் ஓடும் வண்டிகளைச் செய்து புகழ்பெற்ற ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே பிறந்த ஊர் அது. அங்குள்ள பி.ஆர்.பி. நிறுவனம் 2007ல் ஸ்பைடரை அறிமுகப்படுத்தியது. பனிவண்டியின் முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள் இருக்கும். அவற்றின் இடத்தில் இரண்டு சக்கரங்களை எண்ணிப் பாருங்கள். ஸ்பைடரின் உருவம் விளங்கிவிடும். வண்டி தன் எல்லையை மீறிச் சாயத் தலைப்பட்டால், அதைக் கருவிகள் உணர்ந்து, எஞ்சினின் வேகத்தைத் தணித்து, தேவையான சக்கரத்தில் தாமே பிரேக்கைப் பிடிக்கின்றன. பின்னோக்கிச் செல்லும் கியரும் உண்டு. காலால் தள்ள வேண்டியதில்லை.

இந்த வண்டியில் ஏறுகிற பழைய மோட்டார் சைக்கிள்காரர், தாம் கற்றதில் பாதியை மறக்க வேண்டும். இருசக்கர வண்டியில் வேகமாகச் செல்லும்போது வலப்புறம் திரும்ப வலக் கைப்பிடியை முன்னே அழுத்துவது வழக்கம். ஸ்பைடரில் அப்படிச் செய்தால் வண்டி இடப்புறம் போகும்! திரும்ப வேண்டிய பக்கத்துக்கே கைப்பிடியைத் திருப்ப வேண்டும். கையால் பிடிக்கும் முன் பிரேக்கும் இல்லை. ஒரே மிதிகட்டை மூன்று சக்கரங்களையும் நிறுத்துகிறது. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள அத்தான், விற்பனையாளரின் முற்றத்தில் முதல் வளைவிலேயே வழிதவறி, இல்லாத பிரேக்கை வலக்கை விரல்களால் தேடினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆகையால், எத்தனை அனுபவம் இருந்தாலும் இரண்டு மூன்று நாள் வெற்று மைதானத்தில் பழகாமல் சாலைக்குப் போகக் கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான விதிகளும் இடத்துக்கு இடம் வேறுபடும். பணம் கொடுப்பதற்கு முன் விசாரித்துவிட வேண்டும்.

இனி, எந்த மாதிரி என்னும் கேள்வி. அங்கே ‘ஸ்போர்ட்’ என்றும் ‘டூரிங்’ என்றும் பிரிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் முன்னதை ‘விரைவோட்டம்’ என்றும், பின்னதை ‘நெடும்பயணம்’ என்றும் சொல்வேன். விலையிலும் எடையிலும் குறைந்தது 2018ல் அறிவிக்கப்பட்ட ரைக்கர். 600 அல்லது 900 கன சென்டிமீட்டர் எஞ்சின். கியர் மாற்றும் வேலையே இல்லை. துள்ளி ஓடும், ஆனால் அடிப்படையில் அது ஒருவருக்கான வண்டி. மூட்டைக்கும் இடமில்லை. அடுத்தது 2015ஆம் ஆண்டு மாதிரியாக வந்த எஃப்3. தாழ்ந்த ஆசனம், கால்களை முன்னே நீட்டி அமரலாம், ஓட்டுகிறவரின் உயரத்துக்கேற்பக் கால்தாங்கியை நகர்த்திக்கொள்ளலாம். மூன்றாவது ஆர்.டி. அகன்ற ஆசனம், உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய காற்றுத்தடுப்புக் கண்ணாடி, பெட்டிகள் எல்லாம் கொண்டது.

எஃப்3, ஆர்.டி. ஆகிய இரண்டிலும் இருப்பது ஒரே எஞ்சின்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1,330 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டர்கள், 115 குதிரைத் திறன். அப்படியானால் வேறுபாடு எதில்? எஃப்3-எஸ் வண்டியில் முன்பெட்டி மட்டும் உண்டு. அதன் கொள்ளளவு சுமார் 24 லிட்டர். பின்பெட்டியுள்ள ஆர்.டி.யில் எல்லா அறைகளும் சேர்ந்து 177 லிட்டர். ஆனால் அதற்கு விலை எடை, ஆர்.டி. ஏறத்தாழ 460 கிலோ. வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் எஃப்3 சுறுசுறுப்பாகத் திரும்பும். ஆர்.டி. அங்கே நிதானத்தை விரும்பும்.

அத்தானின் கண் எஃப்3ன் மீதே இருந்தது. நானும் அதையே ஆதரித்துப் பேசினேன். அப்போது அக்கா, “பின்னால் உட்காரப் போகிறவளை ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்களா?” என்றார். விற்பனையாளர் இசைவளித்ததன் பேரில் இரண்டு வண்டிகளிலும் பின்னால் அமர்ந்து சற்று தூரம் போய்வந்தார். திரும்பி வந்து அவர் சொன்ன காரணம் எங்கள் இருவர் புத்திக்கும் எட்டாதது. சாயும் வண்டியில் உடலின் பாரம் ஆசனத்திலேயே இறங்குகிறது. சாயாத வண்டியில் ஒவ்வொரு வளைவும் உடலை வெளிப்பக்கம் தள்ளுகிறது. ஓட்டுகிறவருக்குக் கைப்பிடி இருக்கிறது. பின்னால் இருப்பவர் எதைப் பிடித்துக்கொள்வது? “அந்த வண்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும் உங்களைத்தான் பிடித்துக்கொண்டேன். இதில் முதுகுக்குச் சாய்மானம் இருக்கிறது, இரண்டு பக்கமும் பிடி இருக்கிறது. இதில் வருகிறேன்” என்று ஆர்.டி.யைக் காட்டினார்.

‘வருகிறேன்’ என்ற அந்தச் சொல்லை அத்தான் சில ஆண்டுகளாகக் கேட்கவில்லை. அவர் எஃப்3ஐ இன்னொரு முறை சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஆர்.டி.க்குக் கையெழுத்திட்டார். மனக்குறை அடியோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். இளைஞர்கள் சாய்ந்து பறப்பதைக் கண்டால் இன்றும் அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

நான் தில்லி திரும்பிய பின், அவ்விருவரும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையும் கடற்கரையுமாகக் காஸ்பே தீபகற்பத்தைச் சுற்றிவரும் 132ஆம் நெடுஞ்சாலை வழியாக, கடலில் நிற்கும் பெர்சே பாறை வரை சென்று வந்தார்கள். ஒரு வழிக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து அக்கா ஒரு புகைப்படம் அனுப்பினார். பாறை அதில் பாதிதான் தெரிகிறது. வண்டியின் பின் ஆசனம் முழுவதும் தெரிகிறது.

நேயர்களே, நம் ஊர்களிலும் முதியோரும் உடல் ஊனமுற்றோரும் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டு ஓட்டுவதைக் காண்கிறோம். வண்டி எதுவாயினும் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. நிற்கும்போது இதைத் தாங்குவது என் காலா, வண்டியா? வளைவில் இது எப்படி நடந்துகொள்ளும்? பழைய பழக்கத்தில் எதை நான் மறக்க வேண்டும்? எவ்வளவு சுமை, எவ்வளவு தூரம்? இவற்றுக்கெல்லாம் விற்பனையாளர் விடை சொல்லிவிடுவார். என்னோடு யார் வரப்போகிறார் என்பதற்கு மட்டும் அவரால் விடை சொல்ல முடியாது. அதை வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு கடைக்குப் புறப்படுவது நல்லது.