காக்கா தாத்தாவாகும் வயது



திருப்பதி மாவட்டத்து நாகலாபுரம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். அசுரன் களவாடிய வேதங்களை மச்சாவதாரம் எடுத்து மீட்ட பெருமாள், அங்கே வேதநாராயணராக நிற்கிறார். எழுத்துப் பிசகாமல் ஓதவேண்டிய வேதத்தின் பெயர் தாங்கிய பெருமாள் நிற்கும் அந்த ஊரில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. தெலுங்குப் பேச்சில் ழகரம் இல்லை. தெலுங்கு வீட்டுப் பிள்ளை 'பழம்' என்பதைப் 'பளம்' என்றுதான் சொல்லும். தமிழ் வீட்டுப் பிள்ளைக்குத் தெலுங்கில் மூச்சை அழுத்திச் சொல்லும் எழுத்துகள் சட்டென்று வராது. வடதமிழ்நாட்டில் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்பவர்களும் உண்டு. இவற்றைக் குறை என்று நான் ஒப்பமாட்டேன். காதில் விழுந்து பழகிய பேச்சு அது.

சின்னக் குழந்தையின் மழலையும் குறையல்ல. மூன்று வயதுப் பிள்ளைக்குக் 'காக்கா' 'தாத்தா' ஆகிவிடும். ககரத்துக்கு நாவின் பின்பகுதி மேலெழ வேண்டும். அது இன்னும் பழகாததால் நுனிநா முந்திக்கொள்கிறது. ர, ற, ழ திருந்த ஆறேழு வயதுகூட ஆகலாம்.

ஆனால் நான்கு வயதாகியும் பிள்ளையின் பேச்சு வெளியாருக்குப் புரியவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது. "நாக்கு தடிச்சிருக்கு, வசம்பு தேய்ச்சா சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் நாக்கின் மேல் பழி இல்லை. முதலில் சோதிக்க வேண்டியது காதை. ஸகரம் மெல்லிய, உச்சத்தில் ஒலிக்கும் ஓசை. கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்தாலும் அதுதான் முதலில் நழுவும். கேட்காத ஒலியைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? அண்ணப்பிளவு இருந்தாலும் ஒலி மூக்கு வழியே போய்விடும்.

காது நன்றாக இருந்து, நாக்கு பல்லிடுக்கில் நீண்டு 'சாமி' 'தாமி'யானால், பேச்சுப் பயிற்சியாளர் கண்ணாடி முன் உட்காரவைத்துப் பல்லைச் சேர்த்து, நாவை உள்ளிழுத்து, 'ஸ்ஸ்' என்று காற்றை விடப் பழக்குவார். முதலில் ஒலி, பிறகு சொல், அப்புறம் வாக்கியம். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

பெற்றோரே, உறவுகளே, பிள்ளை தவறாகச் சொன்னதை விருந்தாளி முன் திரும்பச் சொல்லவைத்துச் சிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளை பேச்சையே குறைத்துக்கொள்ளும். 2013 முதல் நடக்கும் மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. கேட்கும் திறன், அண்ணப்பிளவு, பேச்சுத் தாமதம் எல்லாம் அவர்கள் பார்ப்பவைதான். அடுத்த முறை அவர்கள் வரும்போது உங்கள் பிள்ளையின் பேச்சைப் பற்றி நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.