கடைசி வரிக்கு மேலே



போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, லேப்டாப்ல அப்டேட் பாதியில நின்னுடுச்சு. திரும்பத் திரும்பப் போட்டாலும் அதே எர்ரர்தான். நாளைக்குக் காலேஜ்ல ப்ராஜெக்ட் காட்டணும்." குரல் கம்மியிருந்தது.

அவளிடம் இருப்பது டெபியன் குடும்பத்து லினக்ஸ். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸும் இதே குடும்பம்தான்; உங்களில் சிலர் கையாண்டிருப்பீர்கள். "திரையில என்ன இருக்குன்னு படிம்மா" என்றேன். கடைசி வரியைப் படித்தாள். டிபிகேஜி பிழை எண் ஒன்றோடு முடிந்தது என்று இருந்தது.

பெரும்பாலானோர் இந்த வரியைப் பார்த்துத்தான் கலங்கிப்போகிறார்கள். ஆனால் அதில் காரணமே இல்லை. இந்தக் கணினிகளில் வேலை இரண்டு கை மாறுகிறது. எந்தப் பேக்கேஜுக்கு எது துணை வேண்டும் என்று கணக்குப் பார்த்து, இணையத்திலிருந்து இறக்கித் தருவது ஆப்ட். 1999-இல் டெபியன் 2.1-உடன் வந்தது அது. இறக்கியதைப் பிரித்து, உரிய இடத்தில் வைத்து, இயங்கும்படி அமைப்பது டிபிகேஜி. கீழே வேலை கெட்டுவிட்டது என்று ஆப்ட் சொல்வதுதான் அந்தக் கடைசி வரி. ஏன் கெட்டது என்பது அதற்குப் பத்து இருபது வரி மேலே இருக்கும்.

"மேலே தள்ளிப் பாரு. முதல்ல எங்க தப்புன்னு வருது?" தேடினாள். இடம் மிச்சமில்லை என்ற செய்தி அங்கே இருந்தது. "அதெப்படி மாமா? 200 ஜிபி காலியா இருக்கே! போட்டோவெல்லாம்கூட அழிச்சுப் பார்த்துட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவள் வட்டு முழுவதையும் என்கிரிப்ட் செய்து நிறுவியிருந்தாள். அப்படி நிறுவும்போது, கணினி எழுந்திருக்கத் தேவையான கோப்புகளுக்கு 'பூட்' என்று ஒரு சின்னப் பகுதி தனியாக ஒதுக்கப்படும். வீட்டில் எத்தனை அறை காலியாக இருந்தாலும் அஞ்சறைப்பெட்டிக்குள் இடம் கூடாதல்லவா? லினக்ஸின் மையமான கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் புதியது அங்கே வந்து உட்காரும்; பழையவையும் ஒன்றிரண்டு தங்கிவிடும். டிஎஃப் என்ற கட்டளையைப் போடச் சொன்னேன். பூட் பகுதிக்கு நேரே நூறு சதவீதம் என்று காட்டியது.

இந்த இடத்தில் அவசரம் ஆபத்து. யூநேம் என்று அடித்து, ஒரு சிறு கோடும் ஆர் எழுத்தும் சேர்த்தால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் எண் தெரியும். அந்த எண்ணை முதலில் தாளில் எழுதவைத்தேன். அதை மட்டும் தொடக் கூடாது. பிறகு, இனித் தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்கும் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கட்டளை. என்னென்ன நீக்கப்போகிறது என்று பட்டியல் காட்டி, சரியா என்று கேட்கும். எழுதிய எண் பட்டியலில் இல்லை என்று பார்த்த பிறகே சரி சொன்னாள். பழைய கெர்னல்கள் இரண்டு போயின. பாதியில் நின்ற பேக்கேஜ்களை அமைத்து முடிக்க, டிபிகேஜிக்கு 'கன்ஃபிகர்' கட்டளை. இந்த முறை தடங்கல் இல்லை.

இன்னொரு தொல்லையும் அடிக்கடி வரும். ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டும் எழுதுவதற்கான பூட்டுக் கிடைக்கவில்லை என்று சொல்லி ஆப்ட் நின்றுவிடும். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னணியில் தானாக ஓடும் அப்டேட் ஒன்று அந்த நேரத்தில் பேக்கேஜ்களை எழுதிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேர் ஒரே கணக்கு நோட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் நோட்டு என்ன ஆகும்? சற்றுப் பொறுத்திருந்தால் பெரும்பாலும் பூட்டு தானே விலகிவிடும்.

சில சமயம் அப்டேட் நடுவில் ஒரு கேள்வி வரும். நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்பு இருக்கிறது, புதியதும் வந்திருக்கிறது, எது வேண்டும் என்று. வெறுமனே என்டர் தட்டினால் உங்களுடையதே நிற்கும். புதியது 'டிபிகேஜி டிஸ்ட்' என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே இருக்கும். ஆற அமர ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரையை மூடிவிட்டாலும் கவலையில்லை, வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் ஆப்ட் என்று போனால் நடந்ததெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும்.

அன்றைக்குக் கணினியை அணைத்துப் போட்டதும் புதிய கெர்னலின் எண்ணை அக்கா மகள் போனிலேயே படித்துக் காட்டினாள். மணி பதினொன்றே முக்கால். அழித்த போட்டோக்கள் குப்பைத்தொட்டியில்தான் இருந்தன, ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருந்தாள்.